கொல்லை அறைக்கு வந்த மைக்ரோவேவ்

14 அக்டோபர் 2012, ஞாயிறு

இன்று மைக்ரோவேவ் அடுப்பு வந்தது. நாகு மஸ்கட்டில் இருந்தபடியே திருச்சியில் ஒரு கடையில் சொல்லி அனுப்பியிருக்கிறான். வேன்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "எங்கம்மா வைக்கணும், கிச்சன்லயா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் நாகுவின் அம்மா, "கொல்லை ரூம்ல. பக்கத்துச் சந்து வழியா வாங்கோ" என்றார்.

கொல்லை அறைதான் என் அறை. முன்பு நெல் மூட்டை அடுக்கிய இடம். இந்த வீட்டு நிலத்தில் விளைந்ததை என் அப்பா வீரையன் தலையில் தூக்கிக்கொண்டு அதே சந்து வழியாக வந்து இங்கே இறக்கியிருக்கிறார். இப்போது அவர் மகள் இந்த வீட்டு மருமகள். வழி மட்டும் மாறவில்லை.

மாலையில் நாகு போன் செய்தான். "உனக்குன்னு தனியா ஒரு கிச்சன் மாதிரி, அம்சா. அம்மாவோட மல்லுக்கு நிக்க வேண்டாம் பாரு."

நான் தனி அடுப்பா கேட்டேன்? மே மாதம் தஞ்சாவூர் ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் நின்று அவன் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "பொங்கல் வரைக்கும் அம்மாவோட இரு. அவளும் தனியா இருக்கா. பழகினா மாறிடுவா. மாறலேன்னா நான் லீவுல வந்ததும் கும்பகோணத்துல வீடு பார்த்துடலாம்." எனக்கும் வேலை கும்பகோணத்துப் பள்ளிக்கூடத்தில்தான். சரி என்றேன். ஆக, பொங்கலுக்குள் நான், இன்னும் என்னை உள்ளே விடாத அந்த அடுக்களையின் படியைத் தாண்ட வேண்டும். தாண்டாவிட்டால் இந்த வீட்டில் நான் யார்?

கதவைத் திறந்துவிடு என்றால் சுவரை இடித்து இன்னொரு கதவு வைக்கிறான் இவன்.

15 அக்டோபர்

எலெக்ட்ரீஷியன் இராஜாங்கம் வந்தார். "ஏம்மா, கரண்டே இல்லாத ஊர்ல கரண்டு அடுப்பா?" என்று சிரித்தார். பழைய வீடு, எர்த் கிடையாது. எர்த் இல்லாமல் இதை ஓட்டமாட்டேன் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். "டீச்சர்னா டீச்சர்தான்" என்று கொல்லையில் குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டு, குழாய் இறக்கி, தனி வயர் இழுத்தார். அடுப்புக்குப் பின்னால் ஒரு சாண் இடம் விட்டு வைத்தோம். சூடு வெளியே போக வேண்டும்.

அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். இந்த வீட்டில் எவர்சில்வர், வெண்கலம், வெள்ளி எல்லாம் வீட்டார் புழங்க. கண்ணாடி டம்ளரும் பீங்கானும் வெளியாட்களுக்கு. அவை கொல்லை மாடத்தில் கவிழ்த்தபடி இருக்கும். இராஜாங்கம் குடித்துவிட்டு, சொல்லாமலே கழுவி, மாடத்தில் கவிழ்த்தார். பக்கத்தில் என் டம்ளர், என் தட்டு, என் கிண்ணம்.

18 அக்டோபர்

கரண்ட் ஒரு மணி நேரம் இருந்தால் இரண்டு மணி நேரம் இல்லை. இலவச மிக்சி, இலவச கிரைண்டர், இலவச ஃபேன் எல்லாம் கொடுத்துவிட்டார்கள். அவற்றைச் சுற்ற வைக்கும் சாமானை மட்டும் மறந்துவிட்டார்கள்.

21 அக்டோபர், ஞாயிறு

அடுப்போடு வந்த விளக்கப் புத்தகத்தை உட்கார்ந்து படித்தேன். உலோகப் பாத்திரம் வைக்கக் கூடாது, பொறி பறக்கும். ஜரிகைக் கரை போட்ட தட்டும் கூடாது. காலியாக ஓட்டக் கூடாது. மூடியை இறுக்கக் கூடாது. கதவு சரியாக மூடவில்லை என்றால் தொடவே கூடாது. இன்னொன்றை நானே கண்டுபிடித்தேன். கரண்ட் போனால் நேரக் குமிழ் நின்ற இடத்திலேயே நிற்கிறது, வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடுகிறது. அதனால் போனவுடன் பூஜ்யத்துக்குத் திருப்பிவிட்டு, பிளக்கையும் பிடுங்கிவிட வேண்டும்.

படித்துக்கொண்டே வந்தவள் சட்டென்று சிரித்துவிட்டேன். எவர்சில்வர் கூடாது. வெண்கலம் கூடாது. வெள்ளி கூடாது. கண்ணாடியும் பீங்கானும்தான் ஆகும்! இந்த வீட்டில் அதற்குள் போகத் தகுதி உள்ளவை மாடத்தில் கிடக்கும் என் பாத்திரங்கள் மட்டும்தான்.

யாரிடமாவது சொல்லிச் சிரிக்க வேண்டும் போல இருந்தது. நாகுவிடம் சொன்னேன். "எல்லாத்துலயும் ஜாதி பார்க்காதே அம்சா" என்றான்.

யார் பார்க்கிறது?

4 நவம்பர், ஞாயிறு

அவமானம். இயற்பியல் பட்டம் வாங்கியவள் முட்டையை ஓட்டோடு வைத்தேன். தண்ணீரில் மூழ்கியிருந்தால் ஒன்றும் ஆகாது என்று ஒரு அசட்டுத் தைரியம். உள்ளே ஆவி கட்டினால் அது எந்த வழியாக வெளியே போகும்? பத்தாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். டமார் என்று வெடித்தது. அடுப்புக் கதவு திறந்துகொண்டது, மஞ்சள் கரு கூரை வரைக்கும். ஒரு நிமிஷம் முன்னால் குனிந்து கதவைத் திறந்திருந்தால் முகத்தில் வெடித்திருக்கும்.

நாகுவின் அம்மா கொல்லை வாசலுக்கு வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். "என்ன வெடிச்சுது?"

"முட்டை."

உள்ளே போனார். சாம்பிராணித் தட்டோடு திரும்பி வந்து படியில் வைத்துவிட்டுப் போனார். பக்கத்து வீட்டுக் காமு மாமி மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "நீலா, என்னடி அது சத்தம்?" என்றது கேட்டது.

"தீபாவளி வரதோன்னோ. எவனோ வெடி போடறான்."

இவர் ஏன் எனக்காகப் பொய் சொன்னார்? எனக்காகவா, இந்த வீட்டுக்காகவா?

13 நவம்பர்

தலை தீபாவளி. மாப்பிள்ளை மஸ்கட்டில். அம்மா ராமாயி எனக்கு ஒரு சேலையும் அவனுக்கு ஒரு வேட்டியும் வாங்கி வைத்திருந்தாள். வேட்டியை என் பையில் வைத்து அனுப்பினாள். சேலையைக் கட்டிக்கொண்டு கொல்லை அறையில் உட்கார்ந்திருக்கிறேன். பார்க்க ஆள் இல்லை.

2 டிசம்பர், ஞாயிறு

அப்பா பேசினார். மேட்டூரைச் செப்டம்பரில்தான் திறந்தார்கள். கடைமடைக்குத் தண்ணீர் வரவே இல்லை. சம்பா பால் பிடிக்கிற நேரத்தில் காய்கிறது. போதாததற்கு, வயலுக்கு அடியில் வாயு இருக்கிறதா என்று பார்க்கக் கருவியோடு ஆட்கள் வந்தார்களாம். "வரப்புல ஏறாதேன்னுட்டோம்" என்றார். அந்த வயல் நாகு வீட்டு நிலம், அப்பாவின் குத்தகை. "மகளைக் கட்டிக் கொடுத்து நெலத்த வளைச்சுட்டான் வீரையன்" என்று ஒரு பேச்சு ஊரில் ஓடுகிறது. இந்தத் தெருவில், "நெலத்தைக் குடுத்தோம், பையனையும் புடிச்சுண்டா" என்கிறார்கள். யார் யாரைப் பிடித்தது? காய்ந்த வயலுக்கும் கொல்லை அறைக்கும் இத்தனை பொறாமையா?

10 டிசம்பர், திங்கள்

படுக்கும் முன் எழுதிவிடுகிறேன்.

நாகுவின் அம்மாவுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். டெங்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள், ஆனால் எழுந்து நிற்க முடியவில்லை. சிலிண்டர் தீர்ந்துவிட்டது. வருஷத்துக்கு ஆறுதான் என்று ஆன பிறகு கேட்ட நேரத்தில் கிடைப்பதில்லை. காமு மாமி, மகள் பிரசவத்துக்காகச் சென்னை போயிருக்கிறார். காலையில் கூடத்து நிலைப்படியில் நின்று கேட்டேன்.

"கஞ்சி வைக்கட்டுமா?"

"எதுல வைப்பே?"

"மைக்ரோவேவ்ல."

"எந்தப் பாத்திரத்துலன்னு கேட்டேன்."

"என் கிண்ணத்துலதான். எவர்சில்வர் வச்சா பொறி பறக்கும்."

"வேண்டாம். ஒரு வேளை பட்டினி கிடந்தா உயிர் போயிடாது."

"அப்ப கெடங்க" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டேன். அவரை நான் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அம்மா என்று கூப்பிட வாய் வரவில்லை, மாமி என்றால் நான் பக்கத்து வீட்டுக்காரி. மொட்டையாகவே பேசிப் பழகிவிட்டது. கோபத்துக்கு அது வசதி.

நாள் முழுவதும் மனசு ஆறவில்லை. நாலரைக்குத் திரும்பி வந்தால், கிணற்றடிக் கல்லில் அவர் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உடம்பு உதறுகிறது.

"மின்னித்து" என்றார். "நீ சொன்ன மாதிரியே. நீலமா, படபடன்னு."

கரண்ட் இல்லை. என் அறைக்குள் ஓடிப் பார்த்தேன். அடுப்புக்குள் எவர்சில்வர் டம்ளர், தளும்பத் தண்ணீர். அவர் கல்யாணத்துக்குப் பெயர் வெட்டிக் கொடுத்த டம்ளர். நீலாயதாட்சி என்ற எழுத்துக்குப் பக்கத்தில் கருகல். குமிழ் பாதி நேரத்தில் நிற்கிறது. கரண்ட் வந்திருந்தால் திரும்ப ஓடியிருக்கும். பக்கத்தில் என் புத்தகங்கள், பாய், கீற்றுத் தட்டி. பிளக்கைப் பிடுங்கினேன். மின்வெட்டுதான் வீட்டைக் காப்பாற்றியிருக்கிறது. இந்த அரசாங்கத்துக்கு என் வாழ்நாளில் முதல் நன்றி.

"கதவைத் திறந்திருந்தா தானா நின்னுருக்குமே" என்றேன்.

"திறந்தா அந்த மின்னல் வெளில வந்துடாதோ?"

"வராது. திறந்த உடனே நின்னுடும்."

"சொல்லியிருக்கலாமோன்னோ."

"கேட்டிருக்கலாமே."

கரண்ட் வந்ததும் நொய்க்கஞ்சி வைத்தேன். பொங்கி வழியும் என்பதால் பெரிய கிண்ணத்தில் பாதிதான். மேலே தட்டைச் சாய்த்து மூடினேன். பாதியில் நிறுத்திக் கிளறி, திரும்ப ஓட்டி, எடுத்த பிறகும் ஆறவிட்டேன். ஓரம் ஆறினாற்போல இருக்கும், நடுவில் நாக்கு வெந்துபோகும்.

கிண்ணத்தைக் கையில் வாங்கினார். இந்த வீட்டில் காப்பியானாலும் தண்ணீரானாலும் வாய் படாமல் அண்ணாந்துதான் குடிப்பார்கள். கஞ்சியையும் அப்படித் தூக்கி ஊற்றினார். கட்டியாக விழுந்து மூக்கில் ஏறியது, புரையேறிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தலையில் தட்டலாமா என்று கையைத் தூக்கினேன், தட்டவில்லை. இருமல் நின்றதும் என்னைப் பார்க்காமல் கிண்ணத்தின் விளிம்பில் வாயை வைத்துக் குடித்தார். முழுவதும் குடித்தார்.

"உப்பு கம்மி" என்றார்.

13 டிசம்பர்

இன்றும் கஞ்சி. கூடத்தில் அவர் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தே கொடுத்தேன். என் அறையைப் பற்றிப் பேச்சு வந்தது.

"அறுப்புக் காலத்துல உங்கப்பன் மூட்டை தூக்கிண்டு வருவான். சந்துல இடிச்சுக்காம வரது அவன் ஒருத்தன்தான்."

"வருவார்னு சொல்லுங்க."

முகம் சுண்டிப்போயிற்று. ரொம்ப நேரம் கழித்து, கிண்ணத்தை நீட்டும்போது, "வீரையன் சௌக்கியமா இருக்காரா?" என்றார். அந்த 'ரா' வருவதற்குள் அவர் பட்ட பாடு!

சிலிண்டர் வந்துவிட்டது. ஆனாலும் சாயங்காலக் கஞ்சிக்கு என்னைத்தான் பார்க்கிறார்.

16 டிசம்பர்

முட்டாள்தனமாகச் சந்தோஷமாக இருக்கிறேன். பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

23 டிசம்பர், ஞாயிறு

காமு மாமி சென்னையிலிருந்து வந்துவிட்டார். பேரன் பிறந்த சர்க்கரையோடு நேரே கூடத்துக்கு வந்தார். நான் நிலைப்படி ஓரம் நின்றேன். அவர் கண் பாய்க்குப் பக்கத்தில் இருந்த கிண்ணத்துக்குப் போனது.

"நீலா, இது கொல்லை மாடத்துக் கிண்ணம்னா?"

"மருந்து கரைக்கக் கொண்டு வந்தா. நான் வாயில வைக்கலை."

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "வாய் வச்சுத்தான் குடிச்சாங்க. ரெண்டு வாரமா. இன்னிக்குக் காலைலயும்."

காமு மாமி கையிலிருந்த சர்க்கரைப் பொட்டலத்தைக் கீழே வைக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. நாகுவின் அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஜுரத்துல நேக்கு ஒண்ணும் ஞாபகமில்லை காமு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பாமல், "அதை எடுத்துண்டு போ."

கூலிக்கு வந்தவர்களிடம் பேசும் குரல். எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏன் அழுவுறேன்? எதிர்பார்க்காததா? காய்ச்சல்ல குடிச்ச கஞ்சி ஞாபகம் இல்லையாம். 'உப்பு கம்மி'ன்னு சொன்னது ஞாபகம் இல்லையாம். அந்த 'ரா' ஞாபகம் இல்லையாம். கிண்ணத்துல வச்ச வாயாச்சே, அதை எப்படி இல்லைன்னு சொல்ல முடியும் — சொல்றாங்களே. சொல்லிட்டாங்களே.

24 டிசம்பர்

நாகுவுக்கு அதற்குள் செய்தி போய்விட்டது.

"அம்மா குடிச்சாளே, அதுவே எவ்ளோ பெரிய விஷயம். காமு மாமி முன்னாடி ஏன் போட்டு உடைச்சே? இனிமே அந்தத் தெருவுல அம்மா எப்படித் தலை நிமிர்ந்து நடப்பா?"

"நான் எந்தத் தெருவுல தலை நிமிர்ந்து நடக்கட்டும் நாகு?"

"உடனே இப்படிப் பேசினா..."

"சரி, பொங்கலுக்கு வர்றீல்ல. வீடு பார்க்கலாம்."

"இன்னும் ஒரு ஆறு மாசம் பாரேன். இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கா."

அவன் அம்மா பொய் சொன்னார். பயத்தில் சொன்ன பொய், எனக்கு முன்னாலேயே சொன்னார். இவன் பொய்யே சொல்வதில்லை. தவணை மட்டும் கேட்கிறான்.

30 டிசம்பர்

கும்பகோணத்தில் வீடு தேடினேன். எல்லா வாசலிலும் ஒரே கேள்வி. "எந்த ஊரும்மா?" சொன்னால், "அந்த ஊர்ல எந்தத் தெரு?" மூன்றாவது வீட்டில் நானே முந்திக்கொண்டு தெருப் பெயரைச் சொன்னேன். "இப்பத்தான் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனார்" என்றார்கள்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு மாடி அறை. கீழே சஃபியா அக்கா, கணவர் இல்லை, மாவு மில் வைத்திருக்கிறார். அவர் கேட்ட கேள்வி வேறு. "தலைக்கு எத்தன வாளி ஊத்திக்குவ? தண்ணி மட்டும் வீணாக்குனா எனக்குப் புடிக்காது, இப்பவே சொல்லிட்டேன்."

6 ஜனவரி 2013, ஞாயிறு

வந்துவிட்டேன். மாடி அறைக்குக் கிளம்பும்போது நாகுவின் அம்மா கொல்லை வாசலில் நின்றார்.

"அந்தப் பெட்டியை எடுத்துண்டு போ."

"உங்க பையன் உங்க வீட்டுக்கு வாங்கினது. இருக்கட்டும். எவர்சில்வர் வைக்காதீங்க. மூடிய இறுக்காதீங்க. உள்ள ஒண்ணும் இல்லாம ஓட்டாதீங்க. கரண்ட் போனா பிளக்கைப் பிடுங்கிடுங்க. பொறி வந்தா ஓடாதீங்க, கதவைத் திறங்க."

"நேக்கு எதுக்கு அது. கேஸ் இருக்கே."

"திரும்பக் காய்ச்சல் வந்தா?"

நான் சந்துக்குள் திரும்பினேன். "வாசல் வழியா போகப்படாதா?" என்றார். பையைத் தூக்கித் தோளில் போட்டபின் இதைச் சொல்கிறார். சந்து வழியாகவே வந்துவிட்டேன். அப்புறம் பஸ்ஸில் வரும்போது தோன்றியது, போயிருக்கலாமோ? இல்லை. வரும்போது திறக்காத வாசல், போகும்போது எதற்கு?

13 ஜனவரி, போகி

நாகு நேற்றே வந்துவிட்டான். முதலில் அம்மா வீடு. இன்று மதியம் இங்கே வந்தான். மெலிந்திருக்கிறான். அவனைப் பார்த்ததும் கோபம் எல்லாம் ஒரு நிமிஷம் எங்கோ போய்விட்டது. சாதம் வடித்து, கத்தரிக்காய்க் குழம்பு வைத்திருந்தேன். மூன்று தடவை போட்டுச் சாப்பிட்டான்.

"நான் வந்து பார்த்திருப்பேனே, ஏன் அவசரம்?"

"பார்த்தாச்சு. நீயும் இங்கயே வந்துடு."

"அம்மா தனியா இருக்காளே."

"நானும்தான் இருந்தேன். நடுவுல ஒரு சுவர்."

"நாளைக்குப் பொங்கலுக்காவது வா அம்சா."

"அடுக்களைக்குள்ள வரலாமா?"

கை கழுவப் போனான். ரொம்ப நேரம் கழுவினான். நாலு மணி பஸ்ஸில் போனான்.

14 ஜனவரி

எங்கள் ஊரில் பொங்கல் வைக்கவில்லை. பயிர் எல்லாம் கருகிவிட்டது. ரெத்தினம் சித்தப்பா வயலில் மாட்டை அவிழ்த்துவிட்டாராம். நாகு வரவில்லை. போனும் இல்லை.

20 ஜனவரி, ஞாயிறு

நாகு நேற்று மஸ்கட் கிளம்பினான். விமான நிலையத்திலிருந்து போன் செய்தான். "போய்ப் பேசறேன்" என்றான். எதைப் பற்றி என்று நான் கேட்கவில்லை. அழவும் இல்லை. வேட்டியைக் கொடுக்க மறந்துவிட்டேன், பையிலேயே இருக்கிறது.

சாயங்காலம் துணி எடுக்க மாடிப்படி இறங்கினேன். சஃபியா அக்கா உள்ளேயிருந்து கத்தினார். "யாரு, மாடி டீச்சரா? என்ன பூனை மாதிரி நடக்குற! உள்ள வா, பால் பொங்குது. கையெல்லாம் மாவா இருக்கு."

அடுக்களை வாசலில் நின்றுவிட்டேன். கால் தானாக நின்றுவிட்டது.

"என்னம்மா வேடிக்க பாக்குற? அடுப்ப அணை!"

போனேன். அணைத்தேன்.

"இறக்கி வையி. துணி அங்க தொங்குது பாரு, கைய சுட்டுக்காத."

இறக்கி வைத்தேன்.